நான்கு வருட மேக்ரோ லென்ஸ் அனுபவம்: எல்லை இல்லாத ஃபோகஸ் ரிங்

நான் வைத்திருக்கும் மேக்ரோ லென்ஸின் (சிறு பொருட்களை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் லென்ஸ்) விலை இறங்கியிருக்கிறது, இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடிகிற பதில் இல்லை. லென்ஸ் இதுதான்: மிர்ரர்லெஸ் கேமராவுக்கான 100 மி.மீ. மேக்ரோ, எஃப்/2.8 (அபர்ச்சர் எனும் லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), 1:1 வரை, அதாவது பொருள் தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும் வரை போகும், ஆட்டோ ஃபோகஸ் உண்டு. நான்கு வருடப் பயன்பாடு, நடுவில் ஒரு ரிப்பேர். பெயர் சொல்லவில்லை. என் கோபம் ஒரு நிறுவனத்தின் மேல் இல்லை, பலரும் பின்பற்றுகிற ஒரு வடிவமைப்பின் மேல்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கூர்மையில் குறை சொல்ல எதுவுமே இல்லை. எஃப்/2.8-லேயே நடுப்பகுதி தெளிவு, எஃப்/5.6-ல் மூலை வரை தெளிவு. பனித்துளியின் விளிம்பில் பழைய லென்ஸ்கள் காட்டும் ஊதா, பச்சைக் கோடுகள் இதில் அநேகமாக இல்லை. ஃபோகஸ் உள்ளுக்குள்ளேயே நடப்பதால் லென்ஸின் நீளம் மாறாது, முன்பக்கம் நீண்டு போய் இலையை இடிக்காது. படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கொடுப்பேன்.

இனி அந்த ரிங்.

மற்ற லென்ஸ்களில் ஃபோகஸ் ரிங் தெளிவை அமைக்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மேக்ரோவில் அதன் வேலை வேறு. இங்கே முதலில் ரிங்கைத் திருப்பி உருப்பெருக்கத்தை முடிவு செய்கிறோம்: 1:2 வேண்டுமா, 1:1 வேண்டுமா என்று. அதன் பிறகு ரிங்கைத் தொடுவதே இல்லை. கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி, பூச்சியின் கண் தெளிகிற கணத்தில் பட்டனை அழுத்துகிறோம். 1:1-ல் எஃப்/11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1.3 மி.மீ.தான், எஃப்/5.6 என்றால் அதில் பாதி. ரிங்கைத் திருகி இதைப் பிடிக்க முடியாது, உடம்பை அசைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஆக, ரிங்கிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டே விஷயம்: வைத்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்ட வேண்டும்.

இந்த லென்ஸின் ரிங் இரண்டையும் செய்வதில்லை. அதற்கும் உள்ளிருக்கும் கண்ணாடிகளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ரிங் திரும்புவதை ஒரு சென்சார் படித்துச் சொல்கிறது, மோட்டார் கண்ணாடிகளை நகர்த்துகிறது. ஆகவே ரிங்குக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கலாம். மெதுவாகத் திருப்பினால் கொஞ்சம் நகரும், வேகமாகத் திருப்பினால் அதே கால் சுற்றில் வெகுதூரம் ஓடிவிடும். இத்தனை டிகிரி திருப்பினால் இத்தனை உருப்பெருக்கம் என்று கை பழகவே பழகாது. மேலே தூரக் கோடுகளும் இல்லை, 1:1, 1:2 என்ற எண்களும் இல்லை.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு: கேமரா தூங்கி எழுந்தால் லென்ஸ் பழைய இடத்தை மறந்துவிடுகிறது. 1:1-ல் வைத்து, செடிக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக் காத்திருக்கும்போது மின் சேமிப்புக்காகக் கேமரா அணைகிறது. பட்டனைத் தொட்டால் விழிக்கிறது, ஆனால் ஃபோகஸ் தொலைவுக்குப் போயிருக்கிறது. பதின்மூன்று செ.மீ. தூரத்தில் இருக்கும் பூச்சி வ்யூஃபைண்டரில் மங்கலாகக்கூடத் தெரியாது, வெறும் நிறக்கலவைதான். ரிங்கை மறுபடி மறுபடி சுற்றி அதைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் பூச்சி பறந்துவிடும். ஒருமுறை நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை படம் எடுக்கப் போகும்போதும் நடக்கிறது.

அளவை ஒப்பிடும் வேலையில் தொல்லை இன்னும் கூடுதல். கடுகிலிருந்து ஆமணக்கு விதை வரை இருபது விதைகளை ஒரே அளவுகோலில் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். சரியான முறை, ரிங்கை ஓரிடத்தில் பூட்டி, விதையின் உயரத்துக்குத் தக்கபடி கேமராவை மட்டும் ஏற்றி இறக்குவது. ஒவ்வொரு விதைக்கும் லென்ஸில் ஃபோகஸ் மாற்றினால் உருப்பெருக்கமும் சில சதவீதம் மாறும், ஒப்பீடு கெட்டுவிடும். நடுவில் பேட்டரி மாற்ற நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இதைச் சமாளிக்கும் வழிகளையும் சொல்கிறேன். கேமரா தானாக அணையும் நேரத்தை மெனுவில் மிக நீண்டதாக வையுங்கள், கூடுதல் பேட்டரி எடுத்துச் செல்லுங்கள். அணைத்தாலும் ஃபோகஸ் இடத்தைக் காப்பாற்றும் அமைப்பு சில கேமராக்களில் உண்டு, இருந்தால் கட்டாயம் இயக்குங்கள். ரிங்கின் வேகம் பார்க்காமல் ஒரே சீராக நகரும் தேர்வு இருந்தால் அதையும். 1:1 வேண்டுமென்றால் மேனுவல் ஃபோகஸில் அண்மைப் பக்கமாக, இனி மாறாது என்று தெரியும்வரை ரிங்கைச் சுற்றிவிடுங்கள். அந்தக் கடைசி முனை ஒன்றுதான் நம்பிக்கையானது. இடைப்பட்ட அளவுகளுக்கு மி.மீ. ஸ்கேல் வேண்டும். 36 மி.மீ. அகல சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் படத்தின் அகலத்தில் 36 மி.மீ. தெரிந்தால் 1:1, 45 தெரிந்தால் 0.8, 72 தெரிந்தால் 1:2. அளவு அமைந்ததும் ரிங்கின் மேல் காகித டேப் ஒட்டிவிடுங்கள், விரல் பட்டு நகராது.

இவ்வளவு பாடு தேவையே இல்லை என்பதுதான் எரிச்சல். ஏனென்றால் இதே மோட்டார் முறையில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் வந்த ஒலிம்பஸ் 60 மி.மீ. மேக்ரோவும் மோட்டார் வழி ஃபோகஸ்தான். ஆனால் பக்கத்தில் உருப்பெருக்கத்தைக் காட்டும் சிறு ஜன்னல் உண்டு, 1:1 என்று குறித்த இடத்துக்கு ஸ்விட்சைத் தள்ளினால் லென்ஸ் நேராக அங்கே போய் நிற்கும். 2015-ன் சோனி 90 மி.மீ.யில் ரிங்கைப் பின்னால் இழுத்தால் தூரக் கோடுகள் தெரியும், இரு முனையிலும் ரிங் நிற்கும். நிக்கானின் 105 மி.மீ. மிர்ரர்லெஸ் மேக்ரோவில் உருப்பெருக்கத்தைக் காட்டும் சிறு திரை உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பே, 1999-ல் வந்த கேனான் எம்பி-இ 65 மி.மீ.யில் ஃபோகஸ் ரிங் என்று ஒன்றே கிடையாது. இருக்கும் ஒரே ரிங் 1 மடங்கிலிருந்து 5 மடங்கு வரை உருப்பெருக்கத்தை மாற்ற மட்டும்தான். மேக்ரோ எடுப்பவரின் கை எப்படி வேலை செய்யும் என்று யோசித்துச் செய்த லென்ஸ் அது.

ரிப்பேர் விஷயம். மூன்றாம் வருடம் ஃபோகஸ் மோட்டார் நின்றது. அதோடு லென்ஸே நின்றுவிட்டது. ரிங்கைத் திருப்பினாலும் எதுவும் நகராது, மேனுவல் ஃபோகஸும் மோட்டாரை நம்பித்தான் இருக்கிறது. தனிப் பாகம் மாற்ற வழியில்லை, ஃபோகஸ் பகுதியை முழுதாகவே மாற்றினார்கள். இதே காரணத்தால் மின் தொடர்பு இல்லாத மலிவான எக்ஸ்டென்ஷன் ட்யூப்களும் (உருப்பெருக்கத்தைக் கூட்ட லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்கள்) இதற்கு ஆகாது. ஃபோகஸும் போகும், அபர்ச்சரும் போகும். தொடர்புள்ள ட்யூப் வாங்குங்கள், அல்லது முன்னால் மாட்டும் ரேநாக்ஸ் டிசிஆர்-250 போன்ற 8 டயாப்டர் பவர் உள்ள க்ளோஸ்அப் கண்ணாடி போதும். அதற்கு மின்சாரம் தேவையில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் திட்டும் இந்த மோட்டாரால்தான் ஃபோகஸ் பிராக்கெட்டிங் நடக்கிறது. முப்பது நாற்பது படங்களைக் கேமராவே சிறுசிறு நகர்வில் எடுத்துத் தருகிறது, பிறகு மென்பொருளில் ஒன்றாக அடுக்கிவிடலாம். 1:1-ல் எஃப்/5.6 வைத்து 10 மி.மீ. ஆழமுள்ள பூவை முழுக்கத் தெளிவாக்க, படத்துக்குப் படம் 0.3 மி.மீ. நகர்வு என்றால் சுமார் 34 படங்கள். கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தும் ரெயிலில் வைத்துத் திருகித் திருகி எடுப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய வரம். அசையாத பொருள், ட்ரைபாட், காற்றில்லாத இடம், இந்த மூன்றும் அமைந்தால் இந்த லென்ஸ் தரும் படங்களைப் பழைய லென்ஸ்களில் அவ்வளவு எளிதாக எடுக்க முடியாது. மனதாரச் சொல்கிறேன்.

விவரப் பட்டியலை நம்பி ஏமாறக்கூடிய இடங்கள் சிலவும் உண்டு. குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளப்பது, லென்ஸின் முன்விளிம்பிலிருந்து அல்ல. 29 செ.மீ. என்று போட்டிருந்தால் லென்ஸின் நீளம் 14 செ.மீ., மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சாருக்கு 1.6 செ.மீ. கழித்துப் பாருங்கள்: 13.4 செ.மீ.தான் மிச்சம். 60 மி.மீ. லென்ஸில் இன்னும் குறையும், பூச்சிக்கு அது போதாது. அடுத்து, 1:1-ல் எஃப்/11 என்பது வெளிச்சக் கணக்கில் ஏறத்தாழ எஃப்/22. அதற்கு மேல் மூடினால் ஆழம் கூடும், நுண்விவரம் மழுங்கும். கைநடுக்கத்தைக் குறைக்கும் வசதியும் இந்த அண்மையில் பெரிதாக உதவாது, ஏனென்றால் இங்கே கெடுப்பது கேமராவின் சாய்வைவிட அது பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் நகர்வதுதான். ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசர் போட்ட ஃப்ளாஷ்தான் தீர்வு.

என் முடிவு: மேசை மேல் பொருளை வைத்து, பல படங்களை எடுத்து அடுக்குபவர் என்றால் விலை இறங்கிய இந்த நேரத்தில் தயங்காமல் வாங்கலாம். நண்பர் வயல்வரப்பில் பூச்சி பின்னால் நடப்பவர், அவருக்கு வேண்டாம். கூர்மையில் இதற்கு ஒரு படி கீழே இருந்தாலும், இரு முனையிலும் நிற்கிற ரிங்கும் அதன் மேல் உருப்பெருக்க எண்களும் உள்ள மேனுவல் மேக்ரோவை வாங்கட்டும். எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை: லென்ஸை மாட்டி, மேனுவல் ஃபோகஸில் 1:1-க்குக் கொண்டுபோய், ஸ்கேலில் 36 மி.மீ. தெரிகிறதா என்று பார்த்து, கேமராவை அணைத்து மறுபடி போடுங்கள். ஸ்கேல் அப்படியே தெளிவாகத் தெரிந்தால் வாங்குங்கள்.