இரவு ராணி: மொட்டைமாடியில் ஆறு ஆண்டுகள்

2019 ஜனவரியில், வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடிக்காக ஒரு முழ உயர இரவு ராணிக் கன்று வாங்கினேன். நர்சரிகளில் ‘நைட் குயின்’ என்று மட்டும் கேட்டால் கள்ளி இனத்தைச் சேர்ந்த நிஷாகந்தியைக் கொடுத்துவிடுவதும் உண்டு என்பதால், ‘செஸ்ட்ரம் நாக்டர்னம்’ என்ற பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. உறைபனிதான் இந்தப் புதர்ச்செடிக்கு ஆகாதது; சென்னையின் மார்கழியில் அந்தக் கவலை இல்லை. இங்கே அதற்குச் சோதனை தண்ணீர்தான்.

அது வாங்கிய ஆண்டே வந்தது. ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்த அந்தக் கோடையில், அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் ஊற்றியே செடியைக் காப்பாற்றினோம். பாதி இலை உதிர்ந்தாலும் ஆடி மழைக்குத் துளிர்த்துவிட்டது. இலை நுனி கருகியது, பின்னர் போர்வெல்லின் உப்புத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றியபோதுதான்.

மாலை ஆறு மணிக்குப் பச்சை கலந்த வெண்ணிற மொட்டுகள் தீக்குச்சிகளைப் போலக் கொத்துக் கொத்தாக மூடி நிற்கும். மூக்கருகே வைத்தாலும் மணம் தெரியாது. ஒன்பது மணிக்குள் ஒவ்வொரு நுனியும் சிறு நட்சத்திரமாக விரிந்து, மாடிப்படியின் அடிவரை மணம் இறங்கியிருக்கும். விடிந்ததும் பூக்கள் மூடிக்கொண்டு, மறுநாள் இரவு மீண்டும் திறக்கும்.

இந்த மணத்தின் வீச்சை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். தொட்டியைப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக, கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தில் வைத்ததில், அம்மா இரண்டாம் இரவே தலைவலி என்று ஜன்னலை அடைத்தார். மூன்றாம் இரவு கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். அந்தச் சுற்றுப் பூ ஓய்ந்ததும் மேற்கு மூலைக்கு நகர்த்தினேன். இப்போது காற்று மணத்தின் பெரும்பகுதியைத் தெருப்பக்கம் கொண்டுபோய்விடுகிறது. வீட்டுக்குள் வருவது இதமான அளவுதான். உரத்தைவிட இடத்தேர்வே முக்கியம் என்பேன்.

அடுத்தது கவாத்து. புதுத் துளிர்களில்தான் பூக்கும் என்பதால், ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுகிறேன். சோம்பலால் 2023இல் வெட்டாமல் விட்டது ஒட்டடைக்கொம்பு போல ஓங்கி வளர்ந்து, டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தொட்டியோடு சாய்ந்தது. வெட்டுவதில் இன்னொரு பயனும் உண்டு: வெண்ணிறக் காய்கள் உருவாவதில்லை. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் எல்லாப் பகுதிகளும், குறிப்பாகக் காய்கள், நஞ்சு. தவழும் குழந்தையோ, எதையும் கடிக்கும் நாயோ உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மணத்துக்குப் பாம்பு வரும் என்று எதிர்வீட்டு மாமி இன்றும் எச்சரிக்கிறார். ஆறு ஆண்டுகளில் வந்தவை அந்துப்பூச்சிகளும், கோடையில் மாவுப்பூச்சியும்தான். பின்னதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதுமானதாக இருந்தது. தொடுத்துத் தலையில் வைக்கப் பூ வேண்டுவோர் குண்டுமல்லியே வளர்க்கலாம். இரவு ராணிப் பூ அதற்கு உதவாது.