பத்திரம் எழுத யாரிடம் போவது, பாக்கி வாங்க எங்கே போவது?

திருப்பூரில் பவர்டேபிள் மெஷின் போட்டு ஜாப்ஒர்க் தைக்கும் எங்கள் யூனிட் அக்கா பெயரில் இருக்கிறது. கணக்கு என் பொறுப்பு. பார்ட்டி துணியை வெட்டிக் கொடுப்பார்கள், நாங்கள் தைத்துக் கொடுப்போம். பீஸ் ரேட்டிலிருந்து பணம் தரும் நாள் வரை பல வருடம் எல்லாமே வாய்ப்பேச்சுதான். 2022-இல் ஒரு பார்ட்டியிடம் 4,80,000 ரூபாய் நின்றுபோனது. கேட்கப் போனபோது, மூன்று மாதத்துக்கு முன் போன சரக்கில் தையல் சரியில்லை என்று 1,60,000 ரூபாயைப் பாக்கியில் கழிப்பதாக டெபிட் நோட் நீட்டினார்கள். மீதிக்கும் தேதி சொல்லவில்லை. எங்கள் கையில் இருந்தது பில் நகலும், சரக்கோடு போகும் டெலிவரி சலான் (டிசி) புத்தகமும்தான். அந்த டிசியிலும் பாதிக்குக் கையெழுத்து இல்லை. வண்டியில் போன பையன் மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே திரும்பியிருந்தான்.

அந்தப் பணத்துக்காக அலைந்ததில் பத்திரம் எழுதித் தருபவர்கள், வசூலுக்கு வழி சொல்பவர்கள் என்று பலரையும் பார்க்க வேண்டி வந்தது. யார் எதற்கு உதவுவார், எந்த வழியில் எவ்வளவு கிடைக்கும் என்பதை எங்களைப் போன்ற சிறு யூனிட்காரர்களுக்காக எழுதுகிறேன்.

எழுதித் தருபவர்கள்

முதலில் நாங்கள் போனது பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தரிடம். மரியாதையான மனிதர், ஒரு மணி நேரத்தில் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், ஒப்பந்தம் இரு தரப்பு வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்று இருக்கிறது, பணம் எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று இல்லை. அவர் கை பழகியது கிரையம், அடமானம், வாடகை. கடை வாடகைக்கு அவரிடம் தாராளமாகப் போகலாம். சரக்கு கொடுத்துப் பணம் வாங்கும் தொழிலுக்கு அந்த மாதிரி பத்திரம் பத்தாது. நோட்டரி முத்திரை விழுந்துவிட்டால் பத்திரம் பதிவானதாகப் பலரும் நினைக்கிறார்கள். நோட்டரி சான்று வேறு, பதிவு வேறு. முத்திரைத்தாள் குறைவாகப் போட்டிருந்தாலும் சிக்கல்தான். பின்னால் கோர்ட்டில் குறைந்த தொகையையும், அதற்கு மேல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டினால்தான் அதைச் சாட்சியமாக எடுப்பார்கள்.

அடுத்தது இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவங்கள். இப்போது ஏஐயும் எழுதித் தருகிறது. செலவு கிட்டத்தட்ட இல்லை. எதையெல்லாம் பேச மறந்தோம் என்று சரிபார்க்க உதவும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் பாதி வெளிநாட்டுச் சட்டத்தை மனதில் வைத்து எழுதியது. வேலையை விட்டுப் போனவர் இரண்டு வருடம் இதே தொழில் செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்து தவறாமல் இருக்கும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அது செல்லாது. தாமதமானால் இரண்டு மடங்கு அபராதம் என்று எழுதினாலும், 74-வது பிரிவுப்படி நியாயமான நஷ்ட ஈட்டைத்தான் கோர்ட் தரும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே.

ஆடிட்டரிடம் கேட்பது மூன்றாவது வழி. ஜிஎஸ்டி, டிடிஎஸ், பங்குதாரர் லாபப் பங்கு எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பார்ட்னர்ஷிப் பத்திரம் இங்கே பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகத்தில்தான் தயாராகிறது. ஒன்றை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்: ஃபர்ம் பதிவாளரிடம் பதிவு செய்தாயிற்றா என்று. பத்திரம் எழுதி, பான் வாங்கி, பேங்கில் கரண்ட் அக்கவுண்ட்டும் தொடங்கியபின் எல்லாம் முடிந்ததாகத் தோன்றும். எங்கள் பக்கத்து யூனிட்டில் இரண்டு நண்பர்கள் அப்படித்தான் ஆறு வருடம் ஓட்டினார்கள். பாக்கிக்கு வழக்குப் போடப் போன அன்றுதான் 1932-ஆம் ஆண்டு பங்குதாரர் சட்டத்தின் 69-வது பிரிவு அவர்கள் காதில் விழுந்தது. பதிவாகாத ஃபர்ம், ஒப்பந்த உரிமையைச் சொல்லி வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது.

நான்காவது வக்கீல். என் ஓட்டு வக்கீலுக்குத்தான், அதுவும் நம் ஊர் சிவில் கோர்ட்டில் நின்று பழகியவருக்கு. நாங்கள் கடைசியாகப் போன வக்கீல் பேனாவை எடுக்கும் முன் அக்காவைக் கேட்டது ஒரே கேள்வி: “பணம் வரலைன்னா எதைக் காட்டிக் கேப்பீங்கம்மா?” அதற்கு முன் பார்த்த மூன்று பேரும் இதைக் கேட்கவில்லை. அவர் எழுதியது இரண்டே பக்கம், தமிழில். பில் தேதியிலிருந்து எத்தனை நாளில் பணம், டிசியில் யார் கையெழுத்துப் போடுவார், குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், வழக்கு வந்தால் எந்த ஊர் கோர்ட். பாதி ஒப்பந்தம் இந்த நான்கிலேயே முடிந்துவிட்டது.

செலவு கூடத்தான். எழுதிக் கொடுக்க மொத்தமாக இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்வது நல்லது. வசூலாவதில் இத்தனை சதவீதம் என்று ஒரு வக்கீல் பேசினால் விலகிக்கொள்ளுங்கள், பார் கவுன்சில் விதிப்படி அப்படி வாங்கக் கூடாது. விளம்பரம் செய்யவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் இணையத்தில் முதலில் வரும் பெயரைப் பிடிப்பதைவிட, கோர்ட்டுக்குப் போய்ப் பணம் வாங்கிய யூனிட்காரரிடம் கேட்பது மேல். பணம் இல்லை என்று ஒதுங்கவும் வேண்டாம். பெண்கள், எஸ்சி, எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரிய பார்ட்டி நம் தாளில் கையெழுத்துப் போட மாட்டார், அவருடைய பர்சேஸ் ஆர்டர்தான் ஒப்பந்தம். அந்த நிலையில் வக்கீல் எழுத வேண்டியது எதுவும் இல்லை, படித்துச் சொன்னால் போதும். வழக்கு மும்பையில்தான், மத்தியஸ்தரை (கோர்ட்டுக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொல்பவரை) அவர்களே நியமிப்பார்கள் என்ற இரண்டு வரியும் பெரும்பாலும் பொடி எழுத்தில் கடைசியில் இருக்கும். ஒரு தரப்பே தனி மத்தியஸ்தரை நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது.

பணம் வராதபோது

ஒப்பந்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வசூல் தனிப் பாடு. வக்கீல் நோட்டீஸ் முதல் படி. சிலர் அதற்கே பேச வருவார்கள். எங்கள் பார்ட்டி பதில்கூடப் போடவில்லை.

செக் கையில் இருந்தால், பணமில்லாமல் திரும்பும் செக்குக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு பலமானது, இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகைபோல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்பதால் எதிராளி அசைவார். நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் அவருக்கு 15 நாள், அதுவும் கடந்தால் ஒரு மாதத்துக்குள் புகார். 4 லட்சத்துக்கு வாங்கிய செக்கில் 1 லட்சம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், செக்கின் மேல் அந்த வரவைக் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போடாதீர்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அந்த வழக்கு நிற்காது. நம் அக்கவுண்ட் இருக்கும் கிளையை வைத்தே வழக்குப் போடலாம் என்பது இதில் ஒரு வசதி.

செக் இல்லாத எங்களைக் காப்பாற்றியது சிறு, குறு தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சில். ஜாப்ஒர்க் ஒரு சேவை என்பதால் எங்களுக்கும் இடமுண்டு. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்வதைக் கேட்டு அக்கா முதலில் நம்பவில்லை. பணம் தரும் தேதியை எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, பேசவில்லை என்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. விகிதம் 6% என்று வைத்தால் வட்டி 18%. எங்கள் டெபிட் நோட்டுக்கும் அதே சட்டத்தில் பதில் இருந்தது: சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். மூன்று மாதம் கழித்து வந்த தாளுக்கு அதன்பின் பேச்சில் பலமில்லை.

சமாதான் என்ற அரசு இணையதளத்தில் பில், டிசி, உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ் ஏற்றி மனுப் போட்டோம். நம் ஊர் எந்தக் கவுன்சிலில் வருகிறதோ அங்கேயே நடக்கும், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. ஒப்பந்தத்தில் வேறு மத்தியஸ்தம் எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தீர்ப்பை எதிர்த்துப் போக வாங்கியவர் முதலில் தீர்ப்புத் தொகையில் 75% கட்ட வேண்டும். முதலில் சமரசம், முடியாவிட்டால் மத்தியஸ்தம். 90 நாளில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் நடப்பில் இழுக்கும், எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது. வட்டியை விட்டுக்கொடுத்து, சமரசத்தில் 4,10,000 ரூபாய் மூன்று தவணையில் வந்தது.

இது எல்லோருக்கும் பொருந்தாது. விற்றவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்க வேண்டும், நடுத்தரத்துக்கு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் இருந்தாலும் இந்தப் பலன் இல்லை. உத்யம் பதிவு இலவசம். பாக்கி விழுந்தபின் பதிவு செய்தவர்களுக்குக் கோர்ட்டில் தகராறு வந்திருக்கிறது. தொழில் தொடங்கிய வாரமே எடுத்துவிடுங்கள்.

சிவில் வழக்கு இவற்றைவிட மெதுவானது. பண வழக்குக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3%, எங்கள் தொகைக்கு 14,400 ரூபாய் வந்திருக்கும். தொகையும் தேதியும் எழுத்தில் இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-வது ஆணைப்படி சுருக்க வழக்காகப் போடலாம், எதிராளி அனுமதி வாங்காமல் எதிர்வாதமே செய்ய முடியாது. வக்கீல் எழுதிய அந்த இரண்டு பக்கத்துக்கு இங்கே மதிப்பு உண்டு. 3 லட்சமோ அதற்கு மேலோ உள்ள வணிக வழக்கு என்றால், அவசரத் தடை கேட்டால் ஒழிய, முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்பும், அப்பீலும் கிடையாது. ஆனால் எதிராளி ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். தனியார் மத்தியஸ்தத்தில் மத்தியஸ்தருக்கே கட்டணம் தர வேண்டும். ஐந்து லட்சத்துப் பாக்கிக்கு அது கட்டுபடியாகாது, ஒப்பந்தத்தில் அந்த ஷரத்தைப் போடாமலே விடலாம். ஸ்டேஷனில் பேசி முடிக்கலாம் என்பவர்களும் எங்களிடம் வந்தார்கள். கொடுக்கல் வாங்கல் பாக்கியை வசூலித்துத் தருவது போலீஸ் வேலை இல்லை, இடையில் நிற்பவருக்குக் கொடுக்கும் பணமும் திரும்பாது.

பாக்கிக்கான சிவில் வழக்குக்கு மூன்று வருடம்தான் கெடு. அந்தக் கெடு முடியும் முன் எதிராளி பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் எல்லாப் பார்ட்டிக்கும் லெட்ஜர் நகலை எடுத்துப் போய், “இந்தப் பாக்கி சரி” என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் சீலும் வாங்கி வருகிறேன். டிசி புத்தகத்தில் இறக்கியவர் பெயர், நேரம், கையெழுத்து என்று மூன்று கட்டம் அச்சடித்தோம். மூன்றும் நிரம்பாமல் திரும்பும் பையனை அக்கா அதே வண்டியில் மறுபடி அனுப்பிவிடுகிறார்.