குடிமைச் சமூக ஆய்வேட்டுக்கு எந்தத் தரவு: பாலிட்டியா, ஃப்ரீடம் ஹவுஸா, வி-டெம்மா?

ஜனநாயகமாதல் பற்றிப் பல நாடுகளை எண்களால் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுபவர் கடைசியில் பாலிட்டி, ஃப்ரீடம் ஹவுஸ், வி-டெம் என்ற மூன்றில் ஒன்றிடம்தான் வந்து நிற்பார். நாடுகளின் ஜனநாயகத்தையும் சுதந்திரத்தையும் ஆண்டுவாரியாக எண்களால் மதிப்பிடும் தரவுத் தொகுப்புகள் இவை. குடிமைச் சமூகம், அதாவது அரசுக்கு வெளியே மக்கள் அமைக்கும் சங்கங்களும் இயக்கங்களும்தான் பொருள் என்றால் வி-டெம்மை எடுங்கள்.

பாலிட்டியில் 1800 முதலான ஆண்டுகளுக்குத் தரவு இருக்கிறது. மதிப்பெண் மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை. ஆனால் 2018-ஓடு நின்றுவிடுகிறது, குடிமைச் சமூகத்துக்குத் தனி அளவீடும் இல்லை. ஒரு பொறியும் உண்டு: மத்திய ஆட்சியே குலைந்த ஆண்டுகளுக்கான மைனஸ் 77 என்ற குறி, காலத்தொடருக்கென மாற்றிய வடிவத்தில் 0 ஆகிவிடும். போரில் சிதறிய நாடு, பாதி ஜனநாயகம்போலத் தெரியும்.

ஃப்ரீடம் ஹவுஸ் எளிது. அரசியல் உரிமைக்கு 40, குடிமை உரிமைக்கு 60 புள்ளி. ஒன்றுகூடுதல், சங்கம் அமைத்தல், தொழிற்சங்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 கேள்விகள், 12 புள்ளி. அவ்வளவுதான்.

வி-டெம்மின் பலம், குறியீட்டெண்ணைக் கூறு கூறாகக் கழற்றிப் பார்க்க முடிவது. இது ஏன் முக்கியம்? அதன் குடிமைச் சமூகக் குறியீட்டில் மூன்று கூறுகள்: அமைப்புகள் தொடங்க, இயங்க அரசு வைக்கும் கட்டுப்பாடு, அமைப்புகள் மீதான அடக்குமுறை, மக்கள் பங்கேற்கும் சூழல். முதல் இரண்டும் வி-டெம்மின் இன்னொரு குறியீடான தேர்தல் ஜனநாயகக் குறியீட்டின் சங்கச் சுதந்திரப் பகுதிக்குள்ளும் இருக்கின்றன. ஒன்றால் மற்றொன்றை விளக்கினால் உறவு பலமாகத்தான் வரும். அதில் ஒரு பங்கு, ஒரே எண் இரண்டு பக்கமும் நிற்பதால் வருவது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

மாற்று வழி: விளக்கும் மாறியாக, அதாவது காரணமாக வைக்கும் எண்ணாக, பங்கேற்புச் சூழலை மட்டும் எடுங்கள். அமைப்புகள் அரசு நடத்துபவையா, சிலரோடு நின்றுவிடுகின்றனவா, சாதாரண மக்களும் அவ்வப்போதாவது ஈடுபடுவது இயல்பா என்பதை அளக்கும் கேள்வி அது. விளக்கப்படும் பக்கம், அதாவது விளைவாக, வி-டெம்மின் நேர்மையான தேர்தல் குறியீட்டை மட்டும் வையுங்கள்.

வி-டெம்மிலும் கவனம் தேவை. நிபுணர்களின் மதிப்பீடுகளை இணைத்துக் கணித்த எண் என்பதால் மேல், கீழ் எல்லைகளோடு வரும். இரண்டு ஆண்டுகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், 0 முதல் 1 வரையான குறியீட்டில் வரும் 0.03 சரிவை வீழ்ச்சி என்று எழுதாதீர்கள். 1900-க்கு முந்தைய ஆண்டுகளில் நிபுணர்கள் குறைவு. அங்கே கூடுதல் நிதானம் வேண்டும். புதுப் பதிப்பு வரும்போது பழைய ஆண்டுகளின் எண்களும் மாறும். பதிப்பு எண்ணை ஆய்வேட்டில் எழுதி, இறக்கிய கோப்பையும் பத்திரப்படுத்துங்கள்.