டாலன் வாய்ஸ்: சாஃப்ட்வேர் பிரமாதம், ஆனா முதல் நாள் பாடத்த யாராவது எழுதணும்

மணிக்கட்டு வலியில டைப் பண்ண முடியலன்னு புலம்புற ஆளுங்க பெங்களூருல எக்கச்சக்கம், பெல்லந்தூர் பக்கம் எந்த டீக்கடையில நின்னாலும் கையில பெல்ட் சுத்துன ஒருத்தர பாக்கலாம். அவங்களுக்கெல்லாம் நான் சொல்றது டாலன் வாய்ஸ் தான், கை வைக்காம வாயால பேசியே கம்ப்யூட்டர ஓட்டற சாஃப்ட்வேர். ஃப்ரீ, மேக், விண்டோஸ், லினக்ஸ் மூணுலயும் ஓடும் (லினக்ஸ்னா ஸ்க்ரீன காட்டற சிஸ்டம் பழைய எக்ஸ்11-ஆ இருக்கணும், புதுசான வேலேண்ட்ல வேலைக்கு ஆகாது). கமாண்ட் எல்லாம் இங்கிலீஷ்ல தான். "ஸ்நேக் யூசர் நேம்"னு சொன்னா நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு அழகா வந்து நிக்கும், "டச்"னா கிளிக், "டாலன் ஸ்லீப்"னா கம்முனு ஆயிடும். கோட் அடிக்கறவங்களுக்கு இதுக்கு ஈடா வேற எதையும் நான் பாக்கல.

பிரச்சினை கத்துக்கற இடத்துல தான். டாகுமெண்டேஷன் இல்லாம இல்ல, விக்கி இருக்கு, நிறையவே இருக்கு, ஆனா அது ஏற்கனவே பாதி தெரிஞ்சவனுக்கு எழுதுன மாதிரி இருக்கு. டாலன மட்டும் இறக்குனா போதாது, கமாண்ட் எல்லாம் கம்யூனிட்டின்னு தனியா ஒரு தொகுப்புல கிடக்கு, அத டெர்மினல் தொறந்து கிட் க்ளோன் (அந்தத் தொகுப்ப நெட்ல இருந்து இறக்கற கமாண்ட்) அடிச்சு டாலனோட யூசர் ஃபோல்டர்ல போடணும். கை வலிக்குதுன்னு வந்தவன்கிட்ட முதல் வேலையே டைப் பண்றதா? "பக்கத்துல ஒருத்தர உக்கார வெச்சு இத முடிச்சுக்கோங்க"ன்னு மேல ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சு போச்சு!

அதனால நானும் ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தரும் நம்மாளுங்களுக்கு தமிழ்லயே ஒரு கைடு போடலாம்னு உக்காந்திருக்கோம். முதல் பக்கத்துல ஸ்லீப்பும், திரும்ப எழுப்பற வேக்கும் மட்டும் தான், ஏன்னா மைக் ஆன்ல இருக்கறப்ப வீட்ல "டிபன் ஆச்சா"ன்னு கேட்டாக்கூட அதையும் கமாண்டாக்க பாக்கும். அடுத்து "ஹெல்ப் ஆல்ஃபபெட்", அது சொன்னா எந்த எழுத்து அடிக்க எந்த வார்த்தைய சொல்லணும்ங்கற பட்டியல் ஸ்க்ரீன்லயே வந்துடும், ஏ-க்கு ஏர், பி-க்கு பேட், சி-க்கு கேப், இப்படி இசட்டுக்கு ஜிப் வரைக்கும். அந்த ஜிப்ப நம்மாளுங்க பாதி பேர் சிப்னு சொல்லுவோம், ஐ-க்கு இருக்கறது சிட், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாட்டம் தான் கேக்கும். ஒத்து வரலன்னா அந்த வார்த்தைய மாத்திக்கலாம், எல்லாம் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் தான், ஆனா இத புதுசா வர்றவனுக்கு யாராவது சொன்னாத்தானே தெரியும். ஃபார்மேட்டர் (மேல சொன்ன ஸ்நேக் மாதிரி), கர்சர்லெஸ் (குரலாலயே கோட திருத்தற கருவி), ஐ டிராக்கர் (கண் பார்வையால மவுஸ நகத்தற கருவி) எல்லாம் ரொம்ப பின்னாடி, முதல் வாரம் அந்தப் பக்கமே போகக்கூடாது.

கோட் வேலை இல்ல, மெயிலும் பிரவுசரும் தான்னா டாலன் கூட வேணாம். விண்டோஸ் 11-ல வாய்ஸ் ஆக்சஸ் உள்ளயே இருக்கு, இந்தியன் இங்கிலீஷும் எடுத்துக்கலாம், சொல்லிப் பாக்க வெச்சே பாடம் நடத்துது, டாகுமெண்டேஷன்னா அது. மேக்ல 2019-ல வந்த வாய்ஸ் கண்ட்ரோல், "ஷோ நம்பர்ஸ்"னா ஒவ்வொரு பட்டனுக்கும் நம்பர் ஒட்டிடும், நம்பர சொன்னா கிளிக் ஆயிடும்.

மைக் நல்லதா வாங்குங்க, ரிங் ரோட்டு ஹாரன் சத்தத்துல லேப்டாப் மைக் தாங்காது. அப்புறம் எங்க கைட படிச்சுப் பாத்து திட்டறதுக்கு ஆள் வேணும், கோடிங் தெரியாதவங்களா இருந்தா இன்னும் நல்லது.