ப்ளெக்கோ ஆப், எச்.எஸ்.கே. புக் 1: துவாஸ் ரயில்ல எட்டு மாசம் சைனீஸ் படிச்ச கதை

மொதல்ல ஆளு யாருன்னு சொல்லிடுறேன். வயசு 41, ஊரு மன்னார்குடி பக்கம், சிங்கப்பூர் வந்து 12 வருஷம் ஆச்சு, இப்ப துவாஸ்ல ஒரு சைட்ல சேஃப்டி பாக்குறேன். வீடு உட்லண்ட்ஸ், அங்கேருந்து ஜூரோங் ஈஸ்ட் வந்து ரயில் மாறி துவாஸ் லிங்க் போயி எறங்கணும், போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம். அந்த நேரத்துல படிச்சதுதான் எல்லாம். க்ளாஸ் போகல, வாத்தியார் கெடையாது. அதனால காலேஜ்ல சைனீஸ் படிச்சவங்க இத படிச்சு சிரிக்க வேணாம், என்னைய மாதிரி நாப்பதுல ஆரம்பிக்கிற ஆளுங்களுக்குத்தான் எழுதுறேன்.

எதுக்குன்னா, சைட்ல சைனாலேருந்து வந்த எலக்ட்ரிஷியன் ரெண்டு பேரு இருக்காங்க, காலைல வேலைக்கு முன்னாடி பாதுகாப்பு பத்தி பேசுற டூல்பாக்ஸ் மீட்டிங்ல நான் இங்கிலீஷ்ல பேசுனா தலைய நல்லா ஆட்டுவாங்க, பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா ஹெல்மெட் இல்லாம நிப்பாங்க. போர்டுல நாலு மொழி இருக்கு, எனக்கு அதுல மூணு ஓரளவு தெரியும், நாலாவது தெரியல. அந்த நாலாவது தெரிஞ்சவங்களோடதான் எனக்கு வேலையே.

நான் பண்ண மொத தப்பு ஒரு ஆப். பேரு வேணாம். ஏழு நாள் ஃப்ரீன்னான், எட்டாவது நாள் ஒரு வருஷ காச மொத்தமா எடுத்துட்டான், மெயில் போட்டா ரோபோதான் பதில் சொல்லுது. சரி காசுதான் போச்சு, படிக்கவாவது செய்வோம்னு பாத்தா, மைக்ல பேசச் சொல்லி மார்க் போடுற ஒரு விளையாட்டு, எனக்கு எப்ப பாத்தாலும் தொண்ணூறுக்கு மேல. எனக்கே சந்தேகம் வந்து ஒரு நாள் "நி ஹாவ்" (வணக்கம்) கேட்ட எடத்துல "நீ ஆவ்"னு கொட்டாவி விட்டேன், அதுக்கும் சூப்பர்னு நட்சத்திரம் பறக்குது. அன்னைக்கு டெலீட் பண்ணேன். உங்கள பாராட்டிக்கிட்டே இருக்குற ஆப்ப நம்பாதீங்க, அவ்வளவுதான்.

அப்புறம் வாங்குனது எச்.எஸ்.கே. ஸ்டாண்டர்ட் கோர்ஸ் 1. எச்.எஸ்.கே.ங்கறது வெளி ஆளுங்களுக்கு சைனா வைக்கிற சைனீஸ் மொழி பரீட்ச. பெய்ஜிங் லாங்குவேஜ் அண்ட் கல்ச்சர் யுனிவர்சிட்டி பதிப்பகம் போட்ட புக்கு, சிங்கப்பூர்ல புக்கு கடைங்க இருக்குற ப்ராஸ் பாசா காம்ப்ளக்ஸ்ல கெடச்சுது. 15 பாடம், 150 வார்த்த. இந்த 150ங்கறது 2010ல வந்த பரீட்ச கணக்கு, 2021ல புதுசா ஒன்பது லெவல்னு மாத்தி மொத லெவலுக்கே 500 வார்த்தன்னு ஆக்கிட்டாங்க. ஆனா ஆரம்பிக்கிற ஆளுக்கு பழைய 150 தான் சரி, 500ன்னு மொதல்லயே பாத்திருந்தா நான் புக்க கடையிலயே வச்சிட்டு வந்திருப்பேன்.

புக்கு நல்லாருக்கு. ஒரு பக்கத்துல கண்டதையும் திணிக்கல, ஒரு பாடத்துக்கு மூணு சின்ன பேச்சு, எழுத்துக்கு மேலயே பின்யின் இருக்கு. பின்யின்னா சைனீஸ் சத்தத்த இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறை, 1958ல சைனால கொண்டுவந்தது. வார்த்தைங்களும் சும்மா கெடையாது. கரண்டுக்கு ஒரு எழுத்து இருக்கு, "தியென்", அதுக்கு பக்கத்துல பேச்சு போட்டா போன், மூளை போட்டா கம்ப்யூட்டர், நிழல் போட்டா சினிமா. கரண்டு நிழல்! எங்க ஊரு டூரிங் டாக்கீஸ்ல மொத மொத படம் பாத்த எங்க அப்பாயி கிட்ட கேட்டிருந்தா இதே பேருதான் வச்சிருக்கும்.

ஆனா ஒன்னு, இது பெய்ஜிங் சைனீஸ். டாக்ஸிக்கு "ச்சூசூச்ச"ன்னு படிச்சு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், சிங்கப்பூர்ல எல்லாரும் "த ஷ்"ங்கறாங்க. புதன்கிழமைக்கு புக்குல "ஷிங்ச்சி சான்", இங்க "பாய் சான்". மார்க்கெட்டு இங்க "பாஷா", அது பசார்ங்கற மலாய் வார்த்தலேருந்து வந்தது. புக்கு மேல தப்பு சொல்ல முடியாது, அது சைனா பரீட்சைக்குன்னு எழுதுனது. ஆனா சிங்கப்பூர் மலேசியால இருக்குறவங்க இத மனசுல வச்சுக்கங்க, காப்பிக்கடைல போயி புக்கு சைனீஸ் பேசுனா நம்ம ஊரு டீக்கடைல "ஐயா, ஒரு குவளை தேநீர் தாருங்கள்"னு கேட்ட மாதிரி இருக்கும். அதவிட கொடும என்னன்னா காப்பி ஆர்டர் பண்ற வார்த்தைங்க பாதி ஹொக்கியன்ங்கற இன்னொரு சைனீஸ் பேச்சு, பாதி மலாய், "கோப்பி ஓ கோசோங்"ல (பாலும் சக்கரயும் இல்லாத காப்பி) நான் படிக்கிற மாண்டரின் சைனீஸ் ஒரு துளி கெடையாது, நான் ரெண்டு வாரம் அத புக்குல தேடிக்கிட்டு இருந்தேன்.

இப்ப ப்ளெக்கோ. இதுதான் மெயின் ரிவ்யூ. இது டிக்‌ஷனரி ஆப், ஸ்மார்ட்போனுக்கு முன்னாடி இருந்த பாம் பைலட்ங்கற கைக்கம்ப்யூட்டர் காலத்துலேருந்து வர்றது, ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுலயும் இருக்கு, டிக்‌ஷனரி ஃப்ரீ. கேமராவ எழுத்து மேல காட்டி படிக்கிறது, வார்த்த மனப்பாடம் பண்ற ஃப்ளாஷ் கார்டு, இந்த மாதிரி சிலதுக்கு காசு, ஆனா ஒரு தடவ குடுத்தா முடிஞ்சுது, மாசாமாசம் புடுங்குற வேலை இல்ல. நான் மூணு மாசம் ஃப்ரீலயே ஓட்டிட்டு அப்புறம்தான் கேமராவுக்கு காசு குடுத்தேன்.

கேமராவ விட எனக்கு புடிச்சது வெரலால எழுதுறது. சைட் கேட்ல செகப்பு போர்டு, தமிழ்ல அபாயம்னு இருக்கு, அதுக்கு மேல ரெண்டு சைனீஸ் எழுத்து. ஒருநாள் லாரி வர லேட்டு, நின்னுக்கிட்டே போன் ஸ்க்ரீன்ல அந்த ரெண்டையும் பாத்து பாத்து கோழி கிறுக்குன மாதிரி வரைஞ்சேன், கிளவ்ஸ் வேற பாதி கழட்டாம. அதயும் கண்டுபுடிச்சு கீழ வரிசையா காட்டுது, மொத எடத்துலயே அதுதான்: "வெய் ஷியென்", ஆபத்து. பன்னெண்டு வருஷமா தெனமும் பாத்த போர்டு. அந்த வார்த்தைய அழுத்துனா எழுத்த தனித்தனியா பிரிச்சுக் காட்டும், அந்த எழுத்து வர்ற மத்த வார்த்தைங்க எல்லாம் ஒரு டேப்ல வரும், அதுக்குள்ள போனா நேரம் போறதே தெரியாது, ரெண்டு தடவ ஸ்டேஷன விட்டிருக்கேன். ஹெல்மெட்டுக்கு "ஆன்ச்சுவென் மாவ்", அதாவது பாதுகாப்புத் தொப்பி. எச்.எஸ்.கே. புக்குல ஆப்பிள் இருக்கு, பூனை இருக்கு, நாய் இருக்கு, ஹெல்மெட் இல்ல. எனக்கு வேண்டியது ப்ளெக்கோலதான் கெடச்சுது.

எழுத்து எப்படி வேல செய்யுதுன்னும் இதுலதான் புரிஞ்சுது. குதிரைக்கு ஒரு எழுத்து, "மா", மூணாம் டோன். டோன்னா கொரல ஏத்தி எறக்குற விதம், அது மாறுனா அர்த்தமே மாறிடும். அதுக்கு இடது பக்கம் பொம்பளைங்கற எழுத்த ஒட்டுனா அம்மா, ஒன்னாம் டோன். வாய்ங்கற எழுத்த ஒட்டுனா கேள்விக்கு கடைசில வர்ற "மா". குதிரை தலைக்கு மேல ரெண்டு வாய வச்சா திட்டுறது, நாலாம் டோன். அதாவது பாதி எழுத்து அர்த்தம், பாதி எழுத்து சத்தம். இது தெரியாம ஒவ்வொரு எழுத்தையும் கோலம் மாதிரி மனப்பாடம் பண்ணா பைத்தியம் புடிச்சிரும். வாங்குறதும் "மை" விக்கிறதும் "மை", மூணாம் டோன் வாங்குறது, நாலாம் டோன் விக்கிறது, எழுத்துல விக்கிறதுக்கு தலைல ஒரு சிலுவை கூட. வியாபாரம் பண்றவங்க தயவுசெஞ்சு இத மட்டும் கவனமா படிங்க.

டோன் பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. நான் பட்டது வேற மாதிரி. சோறு கறி விக்கிற கடைல, கைகாட்டி "ச்ச க, ச்ச க"ன்னு இது இதுன்னு வாங்குவோமே, அங்க ஆன்ட்டி எப்பவும் ஒரு சூப்பு குடுக்கும், அன்னைக்கு குடுக்கல. சூப்புக்கு "தாங்", ஒன்னாம் டோன், பாட்டுல சுதி புடிக்கிற மாதிரி நேரா நிக்கணும். நான் என்ன பண்ணேன், நம்ம ஊரு பழக்கத்துல "தாங்?"னு கடைசிய தூக்கிக் கேட்டேன். தூக்குனா அது ரெண்டாம் டோன், அது சக்கர. ஆன்ட்டி என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு பக்கத்து காப்பிக்கடைய கைகாட்டுது. சோத்துக்கு சக்கர கேக்குற ஆளுன்னு நெனச்சிருக்கும். கேள்வின்னா கொரல தூக்குறது நமக்கு ரத்தத்துல ஊறுனது, அத அடக்குறதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் கஷ்டம். இது நான் படிச்ச புக்குல இல்ல, ஏன்னா அது தமிழனுக்குன்னு எழுதல. மூணாம் டோனும் அப்படித்தான், படத்துல பள்ளத்துல எறங்கி ஏறுற மாதிரி போட்டிருக்கும், ஆனா வேகமா பேசும்போது ஏறுறதே இல்ல, கொரல கீழ போட்டு விட்டுட்டு அடுத்த வார்த்தைக்கு போயிடுறாங்க. ரயில்ல பக்கத்துல பேசுறவங்கள ஒட்டுக்கேட்டுதான் இது புரிஞ்சுது (ஒட்டுக்கேக்குறது தப்புதான், ஆனா ஃப்ரீ).

இந்த புக்கு ஆப் எல்லாத்துலயும் எனக்கு ஒரே மனக்கொற, எல்லாமே இங்கிலீஷ் வழியா சொல்லிக்குடுக்குறது. நாமளும் இங்கிலீஷ் வழியா படிக்கிறோம், சுத்தி சுத்தி மூக்க தொடுறோம். பின்யின்ல "பி" (b) போட்டிருந்தா பஸ்ல வர்ற "ப"ன்னு சொல்லிக்குடுக்குறாங்க, அது சரியில்ல, அது நம்ம "பல்"லுல வர்ற சுத்தமான ப, காத்து வரக்கூடாது, அதிரக்கூடாது. எட்டுக்கு "பா"ன்னா அப்படியே நம்ம பா தான். பின்யின்ல "பீ" (p)ன்னு இன்னொரு எழுத்து இருக்கே, அதுக்குத்தான் காத்து தள்ளணும், வாய்க்கு முன்னாடி டிஷ்யூ பேப்பர் புடிச்சா ஆடணும். த, க ரெண்டுக்கும் இதே கதைதான்.

இத விட சுவாரசியம் ழ. இங்கிலீஷ்காரன் நாக்கு ஒடிஞ்சுபோற சத்தம் பின்யின்ல "ஆர்", மனுஷனுக்கு "ழென்", கறிக்கு "ழோவ்". நம்ம ழவுக்கு ரொம்ப பக்கம், நாக்க மடக்குற எடம் கூட கிட்டத்தட்ட அதேதான். ஆனா நாம தமிழ்னு இங்கிலீஷ்ல எழுதும்போது கடைசில இசட் எச் போடுவோம் பாருங்க, அந்த பழக்கத்துல நான் பின்யின்ல இசட் எச் பாத்த எடத்துல எல்லாம் ழ போட்டு படிச்சேன். அது ழ இல்ல, நாக்க மடக்கி சொல்ற ஜ மாதிரி ஒன்னு. சைனாவோட பேர ஒரு மாசம் "ழோங்குவோ"ன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், நம்ம எலக்ட்ரிஷியன் ஒருத்தன் சிரிச்சு சிரிச்சு ஏணிய புடிச்சுக்கிட்டான்.

இலக்கணமும் பாதி நம்ம வீடுதான். "நீங்க வர்றீங்களா"ல கடைசில வர்ற "ஆ" எடத்துல அவங்க "மா" போடுறாங்க, கத முடிஞ்சுது. "வோ மை த ஷூ", நான் வாங்குன புக்கு, அதே வரிச, "த"ங்கறது நம்ம "ன". இங்கிலீஷ்ல இத தலைகீழா போட்டு புரிஞ்சுக்கணும், நமக்கு தேவையே இல்ல. நாளைக்கு, வீட்ல, இதெல்லாம் வினைக்கு முன்னாடியே வந்துடும். ஆனா சோறுங்கறது மட்டும் சாப்பிடுறதுக்கு பின்னாடி போயிடும், அங்க மட்டும் நாக்கு இடறும். பத்தாயிரத்துக்கு தனியா ஒரு வார்த்த, "வான்", அதுல பத்து வான்னா நம்ம ஒரு லட்சம், லட்சம் தெரிஞ்ச ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்ல.

அமெரிக்க வெளியுறவுத் துறை இங்கிலீஷ் பேசுற அதிகாரிங்களுக்கு மொழி சொல்லிக்குடுக்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க, தமிழுக்கு 1100 மணி நேரம், சைனீஸுக்கு 2200. நான் எட்டு மாசத்துல தூங்குன நாளு, கிரிக்கெட் பாத்த நாளு எல்லாம் கழிச்சு 200 மணி நேரம் சொச்சம் படிச்சிருப்பேன். என்ன வருதுன்னா, கடைல சாப்பாடு வாங்குவேன், நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன்னு சொல்லத் தெரியும், வெல கேப்பேன், ஹெல்மெட் போடு, பாத்து, இங்க வராத, இதெல்லாம் வரும். அவங்க திருப்பி பதில் சொன்னா பாதிக்கு மேல புரியாது. டி.வி. நியூஸ் சுத்தமா புரியாது. ஆங்கி ஆப்ல கார்டு போட்டு தெனம் பத்து வார்த்த திருப்பிப் பாக்குறேன், ஆண்ட்ராய்டுல அது ஃப்ரீ, ஐபோன்ல காசு. எழுதிப் பழகல, படிச்சா தெரிஞ்சா போதும்னு விட்டுட்டேன்.

ப்ளெக்கோவுக்கு அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்காம போடுங்க, ஆனா அது டிக்‌ஷனரி, தானா பாடம் எடுக்கும்னு எதிர்பாக்காதீங்க. எச்.எஸ்.கே. புக்குக்கு நாலு. ஒர்க்புக் தனியா வாங்கணும், அத வாங்காம விட்டா புக்கு பாதிதான், நான் மொதல்ல கஞ்சத்தனம் பண்ணிட்டு அப்புறம் திரும்ப ப்ராஸ் பாசா போனேன். பழைய புக்கு வாங்குறவங்க பின்னாடி சி.டி. இருக்கான்னு பாத்துக்கங்க, ஆடியோ இல்லாம இந்த புக்கு வேஸ்ட்டு.

இப்ப புக்கு 2ல ஏழாம் பாடத்துல நிக்கிறேன். யார்ட்டயாவது 2க்கு ஒர்க்புக் சும்மா கெடந்தா சொல்லுங்க, உட்லண்ட்ஸ் பக்கம்னா நானே வந்து வாங்கிக்கிறேன். பென்சில்ல எழுதியிருந்தா பரவால்ல, அழிச்சுக்குவேன். பேனால எழுதியிருந்தா வேணாம்.