ஏழு ஆண்டுகளுக்குப் பின்: கூலன்ட் தொட்டியைப் பற்றி ஒரு மனக்குறை

வாட்டர் பம்ப்பையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றி வண்டியை எடுத்து வந்த அன்றே, இதே மாடலில் பழைய வண்டி ஒன்று வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஏழு ஆண்டுகளில் 92,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். எஞ்சின், கியர், மைலேஜ் எதிலும் குறை சொல்ல இடமில்லை. என் மனக்குறை முழுவதும் பானட்டுக்குள் ஒரு மூலையில் செருகப்பட்டிருக்கும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டியைப் பற்றியது.

புதிதில் அது பால்வெள்ளையாக, உள்ளிருக்கும் மட்டம் வெளியே தெரியும்படி இருந்தது. மூன்றாம் ஆண்டிலேயே சூட்டில் பழுப்பேறிவிட்டது. மேல், கீழ் எல்லைக் கோடுகளோ பேட்டரிப் பக்கம் திரும்பியிருக்கின்றன. தொட்டியின் பின்னால் டார்ச்சைப் பிடித்து வண்டியை மெல்ல ஆட்டினால்தான் மட்டம் கண்ணுக்குப் புலப்படும். அடிக்கடி பார்க்க வேண்டிய ஒன்றை இப்படி ஒளித்து வைத்தவர்கள்மீது எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

ஆனாலும் நான் விடாமல் பார்த்து வந்தேன். எஞ்சின் ஆறிய காலை நேரங்களில், எட்டு மாதங்களாக, மட்டம் மேல் கோட்டை ஒட்டியே நின்றது. அதில் நிம்மதியும் அடைந்தேன். பிறகு ஒரு நீண்ட ஏற்றத்தில், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானதை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே கூலன்ட் கண்ணுக்கே தெரியவில்லை. தொட்டியோ அப்போதும் நிறைந்திருந்தது.

காரணத்தை மெக்கானிக் மூடியைக் கையில் வைத்தே விளக்கினார். சூட்டில் கூலன்ட் விரிந்து அழுத்தம் கூடும்போது, மூடியின் அழுத்த வால்வு திறந்து உபரியைத் தொட்டிக்கு அனுப்புகிறது. எஞ்சின் ஆறும்போது உள்ளே ஏற்படும் வெற்றிடம், மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வின் வழியே அதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. என் வண்டியில் மூடியின் உட்புறம் மேலே உள்ள ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்ததால் கூலன்ட்டுக்குப் பதிலாகக் காற்றே உள்ளே போயிருக்கிறது. பம்ப்பின் கசிவுத் துளை வழியே ரேடியேட்டர் சிறிது சிறிதாகக் காலியாகியும் தொட்டியின் மட்டம் இறங்காததற்கு இதுவே காரணம். அழுத்தத்தைப் பிடித்து வைப்பதும் அந்த மூடிதான். தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கூடுதலாக 1 பார் அழுத்தம் இருந்தால் ஏறத்தாழ 129 டிகிரி வரை தாங்கும். எஞ்சினின் உயிர் இவ்வளவு சிறிய ரப்பர் வளையத்தில் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த எட்டு மாதங்களும் காலையில் மட்டுமல்லாமல் ஓட்டி நிறுத்தியவுடனும் பார்த்திருந்தால், மட்டம் அசையாமல் நின்றதே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்கும். சரியாக இயங்கும் அமைப்பில், ஓட்டி நிறுத்தியவுடன் தொட்டியில் மட்டம் சற்று ஏறியும் மறுநாள் காலையில் இறங்கியும் இருக்கும். இப்போது இரண்டு வேளையும் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை, எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்க்கிறேன். சூடாக இருக்கும்போது அதைத் தொட்டுவிடாதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்குவதும் தவறு, ஏனெனில் நிறத்துக்குப் பொதுவான தரநிலை கிடையாது. கையேட்டில் உள்ள வகையைத்தான் ஊற்ற வேண்டும். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்: கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

சிவப்பு விளக்கு எரிந்தும், எஞ்சினின் மேல்பகுதி இணைப்பை அடைத்து நிற்கும் காஸ்கெட் தப்பியது, எஞ்சின் எண்ணெயில் கூலன்ட் கலக்கவில்லை. இந்த எஞ்சினின் உறுதிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனாலும் நண்பருக்கு “வாங்க வேண்டாம்” என்றே பதில் எழுதினேன். என் வண்டியை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. புதிய தொட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் கோடுகள் என் பக்கம் தெரியும்படி மறுபுறமும் குறித்துக்கொள்வேன்.