மூளைக்கு நல்லது என்று வந்த காய்கறிப் பெட்டி: எட்டு வார அனுபவம்

அம்மாவுக்கு வயது 71. போன மார்கழியில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனவர், இறங்கி வந்ததும் நேராகப் போய்ப் படுத்துவிட்டார். கருகல் வாடை அடித்து பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தார். ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வைட்டமின் பி12 ரொம்பக் குறைவு. ஊசியை ஆரம்பித்துவிட்டு, "சாப்பாட்டையும் கொஞ்சம் கவனிங்க" என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பெட்டிக்குப் பணம் கட்டினேன்.

பெங்களூரில் இந்திராநகர் பக்கம் கணவன் மனைவி இரண்டு பேர் நடத்தும் சின்னக் கடை. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. சனிக்கிழமை காலை ஏழரைக்குள் ஹலசூரில் எங்கள் வாசலுக்குப் பெட்டி வந்துவிடும். மாதம் 2,800 ரூபாய். ஓட்டோடு வால்நட், ஒரு கட்டு வல்லாரை, பாலக், கேரட், பீட்ரூட், முளைகட்டிய பயறு, ஆளிவிதை, 125 கிராம் புளூபெர்ரி. கூடவே ஒரு துண்டுத்தாள்: எல்லாவற்றையும் பச்சையாகவே சாப்பிட வேண்டும், அடுப்பில் ஏற்றினால் சத்து போய்விடும் என்று.

முதலில் வல்லாரை. இவ்வளவு இளசான கட்டை நான் சந்தையில் பார்த்ததில்லை. வேரில் செம்மண் ஒட்டியிருக்கும், இலை சின்ன விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஈரத்தில் படர்கிற கீரை என்பதால் மூன்று தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். அம்மா இதுவரை துவையல்தான் அரைத்திருக்கிறார். இங்கே கன்னடக்காரர்கள் இதை ஒந்தெலக என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் தம்புளி சொல்லிக் கொடுத்தார். ஒரு கைப்பிடி இலை, தேங்காய், சீரகம், நாலு மிளகு சேர்த்து நைசாக அரைத்து, கெட்டி மோரில் கலந்து, நெய்யில் கடுகு தாளித்தால் முடிந்தது. இலை அடுப்பைப் பார்ப்பதே இல்லை. வெளிர்பச்சையாக, அடிநாக்கில் லேசாகக் கசந்து, சூடான சோற்றில் பிசைந்தால் அம்மா இன்னொரு கரண்டி கேட்கிறார். வல்லாரை ஞாபக சக்தியைக் கூட்டும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வதை ஆய்வுகள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும் 71 வயதில் ஒருவர் ஒரு கீரையை ஆசையாகக் கேட்டுச் சாப்பிடுவதே எனக்குப் பெரிய விஷயம்.

வால்நட்டும் அருமை. கடைகளில் உடைத்து விற்கும் பருப்பில் காறல் வாடை வருமே, அது இதில் இல்லை. அந்த எண்ணெய் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும், ஓட்டுக்குள் இருக்கும்வரை தாங்கும். அம்மா சின்ன இடிகல்லில் தட்டி அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உடைப்பார். ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் பருப்பில் சுமார் 2.5 கிராம் தாவர ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது. மீன் தொடாத வீட்டுக்கு இது முக்கியம்.

இனி குறைகள். இரண்டாவது வாரம் முளைப்பயறு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் கோத்து, தொட்டால் வழவழவென்று வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே வேறு கொடுத்தார்கள், அது சரி. ஆனால் நல்ல முளையாகவே இருந்தாலும் வயதானவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. முளை வளரும் ஈரமும் வெதுவெதுப்பும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கும் தோதானவை. நான் இட்லிப் பாத்திரத்தில் நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்கிறேன். துண்டுத்தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

கேரட்டைக் கையில் கொடுத்த அன்று அம்மா, "பல்செட்டைப் போட்டுக்கிட்டு இதை எப்படிம்மா மெல்றது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு கோசம்பரிக்கு மாறினோம். ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெள்ளரி, தேங்காய்ப்பூ, எலுமிச்சை. ராமநவமிக்குப் பானகத்தோடு இந்த ஊரில் கொடுப்பார்களே, அதேதான். கேரட்டின் பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், தேங்காய் அதைத் தருகிறது. வேகவைத்தால் இன்னும் நன்றாகவே சேரும். அடுப்பில் ஏற்றினால் எல்லாச் சத்தும் போய்விடும் என்பது தவறு. வைட்டமின் சி குறையும், உண்மை. தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீனோ வெந்தால்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

எனக்குக் கோபம் வந்தது பி12 விஷயத்தில். மாதம் 600 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ஸ்பைருலினா மாத்திரை, சைவர்களுக்கு பி12 கிடைக்கும் என்று அந்தத் தாளில் போட்டிருக்கிறார்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி பி12. அதை நம்பி யாராவது ஊசியை நிறுத்திவிட்டால் நரம்புக்கே பாதிப்பு வரும். நேரில் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் எட்டாவது வாரமும் அதே தாள்தான் வந்தது.

மூளை நலத்துக்காக வகுத்த 'மைண்ட்' உணவுமுறையைக் கடைப்பிடித்தால் மறதி நோய் 53 சதவீதம் குறையும் என்றும் அதில் இருக்கிறது. அந்த எண் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் 923 முதியவர்களைக் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதே முறையை 604 பேரை இரண்டு பிரிவாக்கி மூன்று வருடம் சோதித்தபோது, இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2023இல் முடிவு வந்தது. தாளில் அதைக் காணோம். அந்த முறை கேட்பதும் கீரை, பயறு, கொட்டை, முழுத்தானியம் போன்றவற்றைத்தான். எல்லாவற்றையும் பச்சையாகத் தின்னச் சொல்லவில்லை.

புளூபெர்ரி வீண் செலவு என்பது என் எண்ணம். அதன் கருநீலத்துக்குக் காரணமான அந்தோசயனின் நிறமிகள் நம் பெங்களூர் நீலத் திராட்சையின் தோலிலும் இருக்கின்றன. சீசனில் ஹலசூர் சந்தையிலேயே கிடைக்கும்.

அம்மா இப்போது பாலை மறப்பதில்லை. ஆனால் ஊசியும் பெட்டியும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தவை. அதனால் அந்தப் பெருமையைப் பெட்டிக்குக் கொடுக்க மாட்டேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண், அதில் இரண்டு வல்லாரைக்கும் வால்நட்டுக்கும்.

இந்த மாதம் முதல் அந்த இரண்டை மட்டும் 900 ரூபாய்க்குக் கேட்டு வாங்குகிறேன். பெட்டியாக இல்லாமல் தனியாகவும் தருகிறார்கள், ஆனால் வியாழக்கிழமைக்குள் போனில் சொல்லிவிட வேண்டும். இந்திராநகர், ஹலசூர், தொம்மலூர் வரைதான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.